நாற்பத்து மூன்று கோடுகள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டியையும் அப்பாவின் பிடிவாதத்தையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேச முடியாத ஒரு விஷயம், அவ்வளவுதான். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், என் முட்டி எப்படி இருக்கிறது என்று நீ என்னைக் கேட்டால் பரவாயில்லை என்று அவர் பதில் சொல்வார், முட்டி என்னவோ அவருடையது மாதிரி. அதனால் தையல் கடையில், முதலாளியம்மா சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிற நேரத்தில், துணி வெட்டுகிற மேஜையில் பள்ளிச் சீருடைகளை ஓரம் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு போட்டே பழகிய கை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் ஒன்று கேட்டார், நீயும் சரிப்பா, எழுதி அனுப்பறேன் என்றாய். அந்தப் பட்டாளத்துச் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள்ளே இருக்கிற கோடுகளை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நீ பார்த்திருக்கிறாய் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் கோடுகளைப் போட்டதே நீதானே. அந்தத் தாளைத் தபாலில் போட்டுவிடாதே, இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய். உனக்குப் பாதி கதை தெரியும், இருந்தாலும் முதலிலிருந்து எழுதினால்தான் என் மனசு ஓர் ஒழுங்குக்கு வரும்.

நீ கடைசியாக வந்துபோன பிறகு வீடு இன்னும் சுருங்கிவிட்டது. உன் அறைக் கதவு இப்போது பாதிதான் திறக்கும், பின்னால் அப்பா சேர்த்துவைத்த பட்டாளத்துத் தோட்டாப் பெட்டிகள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக. உள்ளே போக வேண்டுமென்றால் நான் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. உன் கட்டில் மேல் ஹெல்மெட்டுகள் குடை கவிழ்த்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஜன்னல் பக்கம் இரும்பு அலமாரி வந்துவிட்டதால் அந்த ஜன்னலைத் திறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. விஷவாயு முகமூடிகள் ஐந்தும் என் துணி அலமாரிக்கு எதிரே மாட்டியிருக்கின்றன, காலையில் புடவை எடுக்கும்போது ஐந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது வேறு. உனக்கு நினைவிருக்கும், பதக்கங்களாகவே சேர்ப்பாரே அப்பாவின் சிநேகிதர், நாம் பதக்கக்காரர் என்று கூப்பிடுவோமே, அவர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போன நாளில் வீட்டை உடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக நானும் அப்பாவும் சேர்ந்து தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் காவல். நான் கடையிலிருந்து திரும்பினால்தான் அவர் மருந்து வாங்கப் போவார். குட்டி பிறந்தபோது நாங்கள் ஏன் வரவில்லை என்று உன் மாமியார் கேட்டதற்கு விசா, டிக்கெட் என்று நீ என்னென்னவோ சொல்லிச் சமாளித்தாய், காரணம் இதுதான் என்று உனக்கும் தெரியும். நான் மட்டும் வருகிறேன் என்று ஒரு தடவை வாயைத் திறந்தேன். போயிட்டு வாயேன், நான் என்ன தடுத்தேனா என்றார். அன்றைக்கே மாத்திரையை மறந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹெல்மெட் துடைக்க உட்கார்ந்துவிட்டார், வீடு முழுக்கப் புகை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதரை அப்படி விட்டுவிட்டு நான் எங்கே போவது. குட்டிக்குச் சட்டை தைக்கிறேன், போட்டோவைப் பார்த்து உத்தேசமாக. முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறேன், சொந்தப் பேத்திக்கு உத்தேசம்.

ஆரம்பத்தில் இது இவ்வளவு பெரிய வியாதியாகத் தெரியவில்லை. அப்பா கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க வீடு வீடாகப் போகிறவர், யார் வீட்டுக் கொல்லையில் எது கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு வீட்டில் பட்டாளத்து ஹெல்மெட்டில் செடி வைத்திருந்தார்கள், இன்னொரு வீட்டில் அதில் கோழிக்குத் தண்ணீர். கேட்டால் எடுத்துட்டுப் போங்க சார், இடத்தை அடைக்குது என்று சும்மாவே கொடுத்தார்கள். பழைய இரும்புக்காரர் மற்ற தகரத்தோடு சேர்த்து எடை போட்டுக் கொடுப்பார். சண்டைக்குப் போய் வந்தவர்கள் உயிரோடு இருந்த வரைக்கும் அந்தச் சாமான்களை யாரும் சீந்தவில்லை, அவர்களே சீந்தவில்லை. பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, பித்தளைப் பட்டனுக்குக்கூட ஆள் தேடி வந்தது. நீ பள்ளிக்கூடம் முடிக்கிற சமயம் ஒருவர் காரில் வந்து, மொத்தத்தையும் கொடுங்கள் என்று கேட்டாரே, அந்தப் பணத்தில் நாம் மாடி எடுத்திருக்கலாம். அப்பா இன்னும் ஏறும் என்றார். ஏறவும் ஏறியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் புதுசாக வார்த்த ஹெல்மெட்டை உப்புத் தண்ணீர் ஊற்றி மண்ணில் புதைத்துத் துருப்பிடிக்க வைத்து விற்கிற கூட்டம் வந்தது, எது நிஜம் எது போலி என்று யாருக்கும் நம்பிக்கை இல்லாமல் போனது. சேர்த்து வைத்தவர்களுக்கும் வயசாகி, அவர்கள் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது ஹெல்மெட் மறுபடியும் செடி வைக்கத்தான் லாயக்கு. அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் தெரியும். இப்போதெல்லாம் சாமானுக்கு விலை இல்லை, அதை வைத்திருந்த ஆள் யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்பதற்குத்தான் விலை, பேர் ஊர் கதை இல்லாத எதையும் யாரும் தொடுவதில்லை என்று அவரே சொல்வார்.

இருக்கிற அத்தனையிலும் கதை உள்ள ஒரே சாமான் அந்த டப்பாதான். கதை யாருடையது என்பதில்தான் வில்லங்கம். நீ ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடப் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு அந்த அறையில் கிடந்தாய். கைக்கெட்டுகிற தட்டில் அந்த டப்பா இருந்தது, இரும்புக்காரரிடம் பத்தோடு பதினொன்றாக வந்தது. நான் உன்னைக் கட்டிலில் விட்டு, தண்ணீரும் சாப்பாடும் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன், வேறு வழி எனக்கு அப்போது இல்லை. நீ காம்பஸ் ஊசியால் நாளைக்கு ஒரு கோடாக மூடிக்குள்ளே கீறியிருக்கிறாய். நான் பார்த்தபோது முப்பதைத் தாண்டியிருந்தது. அப்பா சாமானை நாசம் பண்ணிவிட்டாயே என்று உன்னைத் திட்டினேன், பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, அப்பாகிட்ட சொல்லாதே என்றேன். நாற்பத்து நான்காம் நாள் கட்டைப் பிரித்தார்கள், நீ கோடு போடுவதை நிறுத்திவிட்டாய், நாம் இரண்டு பேரும் அதை மறந்தும் போனோம்.

அப்புறம் பத்து வருஷம் கழித்து அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாசம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை, சாப்பாடில்லை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் லென்ஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் பார்க்க ஆரம்பித்தவர், இங்க வா, இங்க வா என்று கூப்பிட்டார். மூடிக்குள்ளே கோடுகள். சிறை பிடிபட்ட ஒரு சிப்பாய் நாள் எண்ணியிருக்கிறான் என்றார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதே அன்றைக்குத்தான், இரண்டு தட்டு சாப்பிட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன், அந்த நாளைக்கு வரவே இல்லை. நீ ஹாஸ்டலிலிருந்து லீவில் வந்தபோது உன்னிடமும் காட்டினார், நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். உன்னையும் இதில் மாட்டிவிட்டது நான்தான். இதற்குள் அவர் அதைப் பற்றி, சாமான் சேர்ப்பவர்களின் இரண்டு கூட்டங்களில் பேசிவிட்டார், பேசும்போது நாற்பத்து மூன்றாம் நாளோடு கோடு நின்றுபோகிறது என்ற இடத்தில் மூடியைத் தூக்கிக் காட்டுவார், கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். நாங்கள் சேர்ந்து வெளியே போன காலம் அது, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாற்பத்து நான்காம் நாள் அவன் உப்புமூட்டை ஏறிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அப்போதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்போது சிரிப்பு இல்லை. புதிதாக ஒரு மியூசியம் திறக்கிறார்கள், அதன் காப்பாளர் அம்மா போன மாதம் வீட்டுக்கு வந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஹெல்மெட் எங்களிடமே அறுபது இருக்கிறது என்றார், முகமூடி வேண்டாம் என்றார், அப்பாவின் முகம் தொங்கிக்கொண்டே போனது. டப்பாவைக் கையில் எடுத்ததும் அந்த அம்மா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கோடுகளை இரண்டு தடவை எண்ணினார். இதற்குத் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியே வைக்கலாம், இதைத் தருவதானால் மற்றதையும் சேர்த்து ஒரே தொகுப்பாக எடுத்துக்கொள்கிறோம், அப்பா பெயரில் ஓர் அறை என்றார். ஒரே ஒரு நிபந்தனை. டப்பா நம் கைக்கு வந்தபோதே கோடுகள் இருந்தன என்று வீட்டில் இரண்டு பேர் எழுதித் தர வேண்டும். அப்பா எழுதிவிட்டார், அவர் வரையில் அது சத்தியம். அடுத்தது நான், உபரியாக நீ. கையெழுத்துப் போட்டால் லாரி வரும், வீடு காலியாகும், பூட்டிவிட்டு இரண்டு பேரும் விமானம் ஏறலாம், குட்டியைத் தூக்கலாம். போடாவிட்டால் தகரத்துக்கு என்ன விலையோ அதுதான் எல்லாவற்றுக்கும், நான் சாகிற வரைக்கும் அந்த ஐந்து முகமூடிகளோடு குடித்தனம். உண்மையைச் சொன்னால் நான் உள்ளே, பொய் சொன்னால் வெளியே. நான் போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார்களே, அதை நினைத்தால்தான் கை வரமாட்டேன் என்கிறது. நீ என்ன சொல்கிறாய், நீ படித்தவள். முதலாளியம்மா வந்துவிட்டார், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

மேலே எழுதியதெல்லாம் செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு வெள்ளி, இது மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. உன்னிடம் யோசனை கேட்டு எழுதிவிட்டு, உன் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே எல்லாவற்றையும் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. புதன்கிழமை சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூட விடவில்லை, அப்பா அந்தத் தாளையும் பேனாவையும் நீட்டினார். நான் போட்டுவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், முழுப் பெயரும் எழுதி, தேதியும் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், உனக்குப் பெட்டி வாங்கணும், சக்கரம் வைச்சது, முட்டிக்கு நல்லது என்றார். நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வாரம்தான் நம்மகூட இருப்பான் என்று மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். நாற்பத்து மூணு நாள் தனியா கிடந்திருக்கான், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம, எந்தத் தாய் பெத்த புள்ளையோ என்றார்.

நான் பெத்த புள்ளைதாங்க என்று சொல்லிவிட்டேன். நான் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாய் அதுவாகத் திறந்துகொண்டது. அவர் சிரித்தார், விளையாடாதே என்றார். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், காம்பஸ், மாவுக்கட்டு, சாத்திய கதவு, நான் திட்டியது, மறைத்தது, அவர் நெஞ்சு வலி, என் வாய்ப்பூட்டு, ஒன்று விடாமல். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லென்ஸை எடுத்து மறுபடியும் பார்த்தார், விரலை வைத்து முதலிலிருந்து எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, அப்போ நான் எங்க இருந்தேன் என்று கேட்டார். என்னைக் கேட்டார், தெரியாமல்தான் கேட்டார். பட்டாளத்துக் கிடங்கைக் கலைத்து ஏலம் விட்ட வருஷம் அது, மீட்டர் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான், நீங்கள் வரும்போது அவள் தூங்கிவிட்டிருப்பாள் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். டப்பாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்றுக் காலையில் அவரே காப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்தார், வழக்கம்போல ஸ்பீக்கரில். அந்தக் கோடுகளைப் போட்டது என் மகள், எனக்கு இப்பதான் தெரிஞ்சது, மன்னிச்சிருங்க என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார், வருத்தமாக இருக்கிறது என்றார், நேரம் வரும்போது பார்க்கலாம், வேண்டுமானால் இரண்டு தோள்பட்டை முத்திரைகளை மட்டும் வாங்கிக்கொள்கிறோம் என்றார். அவ்வளவுதான், லாரி வராது. ஹெல்மெட்டும் தோட்டாப் பெட்டியும் இருந்த இடத்தில் இருக்கின்றன. நேற்று உன் அறையில் பெருக்கும்போது அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே திரும்ப முடியாமல் அப்படியே நின்று அழுதேன். குட்டியின் கையைப் பிடிக்க ஒரு வாரம் இருந்தது, ஒரு வார்த்தையில் நானே கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நேற்று முழுக்க நினைத்தேன், இன்றைக்கும் பாதி நினைக்கிறேன். பெரிய உத்தமி என்று என்னை நினைத்துவிடாதே. உன் மேல்தான் இப்போது யோசனை ஓடுகிறது. கடையில் மெஷினை ஓட்டிக்கொண்டே, பதினோரு வயசுப் பிள்ளையை எப்படித்தான் அப்படிப் பூட்டிவிட்டு வந்தேன் என்று நினைத்தால் தையல் கோணிப்போகிறது. நீ ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை. காட்டியிருக்கலாம்.

அப்பா டப்பாவை ஹால் மேஜையிலிருந்து உள்ளே எடுத்து வைக்கவில்லை, எனக்கும் அதை நகர்த்த மனசு வரவில்லை, அதற்குப் பக்கத்தில்தான் சாப்பிடுகிறோம். ஒரு பட்டனைக் கையில் கொடுத்தால் எந்தப் படை, எந்த வருஷம், எந்தப் பட்டறையில் அடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர், இன்றைக்குக் காலையில் நான் கடைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், எந்தக் கால் என்று கேட்டார். எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி நின்றேன். அவளுக்கு அப்போ எந்தக் கால் உடைஞ்சது, வலதா இடதா என்று மறுபடி கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. நான் சொல்லவில்லை. அவளையே கேளுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, தள்ளிப்போடாதீர்கள். வேலை வேலை என்று நீ சாப்பிடாமல் ஓடுவது போட்டோவிலேயே தெரிகிறது, கன்னம் ஒட்டிவிட்டது. குட்டியின் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு நூலை வைத்து அளந்து உறையில் போட்டு அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் எதையும் அடைத்து வைக்காமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, நான் வேண்டுமென்றே எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். அப்பா முதலில் அங்கே குளிர் எப்படி என்பார், குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா என்பார், பிறகு பேச்சு நின்றுபோகும். லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார், கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா